தோலுக்குத் தடை போட்டீர்கள், தண்ணீருக்கு வழி சொல்லுங்கள்

பெறுநர்: ஆப்பிரிக்கக் கண்டத் தடையற்ற வணிகப் பகுதியின் செயலகத்தார், அக்ரா, உறுப்பு நாடுகளின் வணிக அமைச்சர்கள், குறிப்பாக எத்தியோப்பிய அரசின் வணிகத் துறையினர்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். நான் வாணியம்பாடிக்காரன். தமிழ்நாட்டின் வடபகுதியில் பாலாற்றங்கரையில் இருக்கிறது எங்கள் ஊர். தோல் பதனிடுவதுதான் அதன் பிழைப்பு. முப்பது ஆண்டுகள் அந்த வேலையைச் செய்தவன் நான். அதில் மூன்று ஆண்டுகள், 2013 முதல் 2016 வரை, எத்தியோப்பியாவின் மோஜோ நகரில் ஒரு பதனிடும் ஆலையில், தோலை ஊறப்போட்டுச் சுழற்றும் பெரிய டிரம்கள் இருக்கும் பகுதிக்குப் பொறுப்பாளனாக இருந்தேன். உங்கள் மண்ணில் சோறு தின்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். எங்கள் ஊர்க்காரர்களும் படிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

கச்சாப் பொருளை அப்படியே கப்பலேற்றாமல் உள்நாட்டிலேயே பக்குவப்படுத்தி விற்க வேண்டும் என்று உங்கள் நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக முடிவெடுத்து வருகின்றன. காபோன் 2010இல் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியது. ஜிம்பாப்வே 2022 இறுதியில் லித்தியக் கனிமத்தைக் கச்சாவாக அனுப்புவதற்குத் தடை விதித்தது. நைஜீரியாவில் பதனிடாத தோலோ பாதி பதனிட்ட தோலோ நாட்டை விட்டு வெளியேற முடியாது. எத்தியோப்பியா 2008இல் கச்சாத் தோலுக்கும் பாதிப் பதத் தோலுக்கும் 150 சதவீத ஏற்றுமதி வரி போட்டது. இந்த முடிவை நான் மனதார ஆதரிக்கிறேன். ஏனென்றால் எங்கள் நாடு இதே முடிவை அரை நூற்றாண்டுக்கு முன்பு எடுத்தது, நானும் என் குடும்பமும் அதனால் சாப்பிட்டோம். ஆனால் எடுத்த விதத்தில் ஒரு பிழை நேர்ந்தது. அந்தப் பிழை இன்றும் எங்கள் கிணற்றில் கிடக்கிறது.

ஆங்கிலேயர் காலம் தொட்டு எங்கள் ஊர்த் தோல் ஆவாரம் பட்டைச் சாற்றில் ஊறிப் பாதிப் பதத்தில் கப்பலேறும். மெருகு ஏறுவது இங்கிலாந்தில். லாபம் தங்குவதும் அங்கேதான். 1972இல் சீதாராமையா குழு இதை மாற்றச் சொன்னது. மறு ஆண்டு கச்சாத் தோல் ஏற்றுமதி தடுக்கப்பட்டது, பாதிப் பதத் தோலுக்கும் கட்டுப்பாடு வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை எல்லாம் முழுத் தோலும் ஷூவும் செய்யும் ஊர்களாக மாறின. என் அக்கா ஷூ தொழிற்சாலையில் தையல் மெஷினில் உட்கார்ந்து சம்பாதித்துத்தான் என்னைப் படிக்க வைத்தாள். இதை நான் ஒருநாளும் மறைக்க மாட்டேன். தோல் தொழிலே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் ஆவாரம் பட்டை இருந்த இடத்துக்குக் குரோமியம் வந்தது. சுண்ணாம்போடு சல்ஃபைடு சேர்ந்தது. பத்துத் தோல் ஊறிய இடத்தில் நூறு ஊறியது. தோல் எந்தப் பதத்தில் வெளியேறலாம் என்று வரிவரியாக விதி எழுதியவர்கள், அதை அலசிய தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. தண்ணீர் தனக்குத் தெரிந்த வழியில் போயிற்று. பாலாறு வருடத்தில் பெரும்பகுதி வெறும் மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் ஓடிய இனிப்புத் தண்ணீருக்காகத்தான் தோல் தொழிலே இங்கு வந்து உட்கார்ந்தது. கழிவும் அதே மணலுக்குள் இறங்கியது.

என் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் நிலமும் ஒரு கிணறும் இருந்தன. கிணறு கெட்டதை முதலில் கண்டுபிடித்தது அம்மாதான். ஒருநாள் துவரம்பருப்பு வேகவில்லை. அடுப்பை எவ்வளவு எரித்தாலும் பருப்பு விறைத்தே கிடந்தது. பிறகு டீக்குப் பால் ஊற்றினால் திரிந்தது. அதற்குப் பிறகு தென்னை. குரும்பையிலேயே உதிர்ந்தது, நின்ற காய்களும் கைப்பிடி அளவுக்குச் சுருங்கின. அப்பா அதே நேரத்தில் ஒரு தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் கூலி வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கிணற்றைக் கெடுத்த கையும் தன்னுடையதுதான் என்பதைக் கடைசிவரை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

1996 ஆகஸ்ட் 28 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் எங்கள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாடு எங்கள் நாட்டுச் சட்டத்தில் ஆழமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பில்தான். எங்கள் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வுக் கணக்கை அந்தத் தீர்ப்பே மேற்கோள் காட்டுகிறது. அதற்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, இழப்பீட்டுக்கு ஆணையம் வந்தது. முடிந்ததா? 2025 ஜனவரி 30 அன்று அதே உச்ச நீதிமன்றம் அதே பாலாற்றுக்காக மீண்டும் தீர்ப்பு எழுதி, கண்காணிக்க ஒரு குழுவை அமைக்கச் சொன்னது. இடையில் ஒரு தலைமுறையே கடந்துவிட்டது. 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, அருகில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். நான் அப்போது மோஜோவில் இருந்தேன். செய்தியைக் கைப்பேசியில் படித்துவிட்டுக் கூடத்துக்குள் போனேன், எங்கள் ஆலையின் தொட்டிச் சுவரை அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மோஜோவைப் பற்றிச் சொல்கிறேன். அடிஸ் அபாபாவிலிருந்து தென்கிழக்கே 70 கிலோமீட்டர் போல இருக்கும். ஜிபூட்டித் துறைமுகத்திலிருந்து வரும் கன்டெய்னர் லாரிகள் பெரும்பாலும் அங்குள்ள உலர் துறைமுகத்தில்தான் வந்து நிற்கும். அம்ஹாரிக் மொழியில் தோலுக்குக் 'கோடா' என்று பெயர், தண்ணீருக்கு 'வுஹா'. வந்த முதல் வாரத்தில் நான் கற்றுக்கொண்ட இரண்டு சொற்கள் இவை. எத்தியோப்பியச் செம்மறித் தோலின் நயம் உலகுக்கே தெரியும். மெல்லியதாகவும் கிழியாமலும் இருப்பதால் கையுறைக்கு அதைத் தேடி வாங்குவார்கள். டிரம்மிலிருந்து எடுத்துக் கையில் விரிக்கும்போது பட்டுபோல நழுவும். முப்பது ஆண்டில் நான் தொட்ட தோல்களில் அதற்கு இணை கிடையாது.

அந்தத் தோல் எங்களிடம் வரும்போது உப்பில் பொதிந்து வரும். அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய பாதியளவு உப்பைத் தேய்த்துவிடுவார்கள். அதிகாலையில் முதல் ஊறல் டிரம்மைத் திறந்தால் ரத்தமும் சாணமும் உப்பும் கலந்த செந்நிறத் தண்ணீர் பாயும். அடுத்து சுண்ணாம்பு, மயிர் கரைந்த வெண்சாந்து. பிற்பகலில் குரோமிய டிரம்மிலிருந்து நீலம் கலந்த பச்சை. எங்கள் ஆலையில் சுத்திகரிப்புத் தொட்டி இல்லாமல் இல்லை, இருந்தது. ஆனால் மின்சாரம் அடிக்கடி போகும். போனால் ஜெனரேட்டர் ஓடும். ஜெனரேட்டரில் டிரம் இணைக்கப்பட்டிருந்தது. தொட்டிக்குக் காற்று ஊதும் இயந்திரம் இணைக்கப்படவில்லை. டிரம் நின்றால் தோல் கெடும், ஆர்டர் போகும். காற்றூதி நின்றால் கெடுவது தண்ணீர். அதற்கு யாரும் ஆர்டர் கொடுக்கவில்லை. இணைப்பு கொடுங்கள் என்று மூன்று முறை எழுதிக் கேட்டேன். டீசல் செலவு தாங்காது என்று பதில் வந்தது. அதைச் சொன்ன மேலாளரும் கெட்டவர் அல்ல. ஏற்றுமதி எண்ணிக்கையைத்தான் அரசு அவரிடம் ஒவ்வொரு மாதமும் கேட்டது. தொட்டியைப் பற்றிக் கேட்டதில்லை.

மதிலுக்குப் பின்னால் ஒரு ஓடை மோஜோ ஆற்றுக்குப் போகும். மோஜோ ஆறு கோகா நீர்த்தேக்கத்தில் கலக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் கோகா ஏரிக்கரைக்குப் போய்ப் பொரித்த திலாப்பியா மீன் சாப்பிடுவோம். மீன் பிடிப்பவர்களின் குடிசைகளும் அங்கேதான். அந்த ஏரித் தண்ணீரையே குடத்தில் மொண்டு போகும் பெண்களைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு மீன் இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் திறந்துவிட்ட டிரம் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குடத்தில் இருக்கிறது என்ற கணக்கு மண்டையில் ஓடிக்கொண்டே இருந்தது.

கோகாவில் சேர்வது அவாஷ் ஆறு. இதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள், ஆனாலும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது: அவாஷ் கடலைச் சேராத ஆறு. வயல்களுக்கும் கரும்புத் தோட்டங்களுக்கும் அஃபார் மக்களின் ஒட்டகங்களுக்கும் நீர் கொடுத்துவிட்டு, ஜிபூட்டி எல்லையில் அப்பே உப்பு ஏரியில் போய் முடிந்துவிடும். எங்கள் பாலாற்றுக்காவது பெருமழை ஆண்டில் வெள்ளம் வந்து கொஞ்சம் உப்பைக் கடலுக்கு அடித்துக்கொண்டு போகும். அவாஷ் படுகையில் போடும் உப்பு படுகையிலேயே தங்கும். குரோமியத்தைச் சேறாகப் படியவைத்துப் பிரித்துவிடலாம், மயிரையும் கொழுப்பையும் கிருமிகள் தின்றுவிடும், உப்பைத் தின்ன எந்தக் கிருமியும் கிடையாது. அதைப் பிரிக்கச் சவ்வு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும் வேண்டும். அப்படிப் பிரித்த பிறகும் உப்பு குவியலாக நிற்கும். எங்கள் சுத்திகரிப்பு நிலையங்களில் வாங்க ஆளில்லாமல் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். செருப்புக்கான விலையில் இந்தச் செலவு சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். சேர்க்கப்படவில்லை.

தொழில் தெரியாதவர்கள் கவனிக்காத ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். ஒரு டன் பச்சைத் தோலைப் பதனிட 30 முதல் 40 டன் தண்ணீர் ஆகும். கடைசியில் மெருகிட்ட தோலாகக் கைக்கு வருவது சுமார் 200 கிலோ. இதில் கழிவின் பெரும்பங்கு நாங்கள் 'வெட் புளூ' என்று சொல்லும் நீலப் பதம் வருவதற்குள் வெளியேறிவிடுகிறது. பணத்தின் பெரும்பங்கு அதற்குப் பிறகு, மெருகிலும் தையலிலும் வருகிறது. ஆகவே கச்சாத் தோலை நிறுத்தும் நாடு முதலில் வீட்டுக்குள் கொண்டுவருவது அழுக்கை. பணம் பிறகுதான் வரும், வந்தால். இடையில் ஷூ தொழிற்சாலை எழும்பவில்லை என்றால் அழுக்கு மட்டும் மிஞ்சும். எத்தியோப்பியாவில் வரி போட்ட பிறகு ஒரு காலத்தில் ஆண்டுக்கு 10 கோடி டாலரைத் தாண்டிய தோல் ஏற்றுமதி பிற்பாடு சரிந்ததும், நான் ஊர் திரும்பிய பின் ஃபாசிகா எனும் எத்தியோப்பிய ஈஸ்டர் பண்டிகைக்கு மறுநாள் வாங்க ஆளில்லாத ஆட்டுத் தோல்கள் தெருவோரம் கிடக்கும் படங்களை நண்பர்கள் அனுப்பியதும் என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு காலத்தில் பட்டுபோல் என் கையில் நழுவிய தோல் அது.

வரி ஒரே அறிவிப்பில் அமலுக்கு வந்துவிடும். மோஜோவில் தோல் நகரம் அமைத்து, எல்லா ஆலைகளுக்கும் பொதுவாக ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டும் திட்டம் நான் அங்கே இருந்தபோதே பேசப்பட்டது. நான் கிளம்பும்போதும் பேச்சாகவே இருந்தது. வரி 2008இல் வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வங்கதேசம் 2017இல் டாக்காவின் ஹசாரிபாக் ஆலைகளைச் சாவாருக்கு மாற்றியபோது சுத்திகரிப்பு நிலையம் முழுதாகத் தயாராகவில்லை. ஒரு ஆற்றின் துன்பம் இன்னொரு ஆற்றுக்கு இடம் மாறியது.

எத்தியோப்பியாவால் முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அதே நாடு 2016இல் ஹவாசாவில் ஏரிக்கரை நகரத்தில் துணி ஆலைப் பூங்கா கட்டியபோது, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத முறையை முதல் நாளிலிருந்தே அதற்குள் வைத்துத்தான் கட்டியது. அதை அமைத்துக் கொடுத்தது ஓர் இந்திய நிறுவனம். வாங்க வந்த பெரிய பிராண்டுகள் கேட்டன, அரசு செய்தது. வாங்குபவர் கேட்டால் நடக்கும், அரசு தானே கேட்டாலும் நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

வாங்குபவரை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 1989இல் ஜெர்மனி, பூஞ்சை பிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பென்டாகுளோரோஃபினால் என்ற நச்சு இரசாயனம் கலந்த தோலைத் தடை செய்தபோது, எங்கள் ஊர் ஆலைகள் ஓரிரு ஆண்டுகளில் அந்த இரசாயனத்தைக் கைவிட்டன. நல்லதுதான். ஆனால் அது ஜெர்மானியர் காலுக்காக வந்த விதி. ஐரோப்பிய ஒன்றியம் 2015 மே முதல் தோல் பொருளில் நச்சு வடிவமான ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த விதி ஷூவோடு நின்றுவிடுகிறது. ஷூ எந்த ஆற்றில் அலசப்பட்டது என்று அது கேட்பதில்லை. உங்கள் ஆற்றுக்கான விதியை நீங்கள்தான் எழுத வேண்டும்.

அப்படி எழுதும்போது வெளியிலிருந்து அழுத்தம் வரும் என்பதையும் அறிவேன். கென்யா 2017 ஆகஸ்டில் பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தது. 2020இல் அமெரிக்க இரசாயனத் தொழில் சங்கம், கென்யாவோடு நடக்கும் வணிகப் பேச்சில் பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்ளுமாறு தன் அரசுக்கு எழுதியது. ருவாண்டா பழைய துணி இறக்குமதிக்கு வரி உயர்த்தியதற்காக 2018இல் அமெரிக்கச் சந்தையில் ஆடைக்கான சலுகையை இழந்தது. தனியாக நின்ற நாடு அடி வாங்கியது. கூடி நின்றபோது என்ன நடந்தது? 2024 பிப்ரவரியில் அடிஸ் அபாபாவில் கூடிய ஆப்பிரிக்க ஒன்றியத் தலைவர்கள், தோலுக்காகக் கழுதைகளைக் கொல்வதைக் கண்டம் முழுக்க 15 ஆண்டுகளுக்கு நிறுத்த முடிவு செய்தார்கள். கழுதைத் தோலில் செய்யும் மருந்துக்குச் சீனத்துச் சந்தை எவ்வளவு பெரியது என்று தெரிந்துதான் செய்தார்கள். கழுதையின் உயிருக்கும், அதை நம்பித் தண்ணீர் சுமக்கும் பெண்களின் பிழைப்புக்கும் ஒன்றாகக் குரல் கொடுக்க முடிந்தவர்களால், அந்தப் பெண்கள் சுமக்கும் தண்ணீருக்காகவும் ஒன்றாகக் குரல் கொடுக்க முடியும்.

அக்ரா செயலகத்தாருக்கு: 2018 மார்ச்சில் கிகாலியில் 44 நாடுகள் கையெழுத்திட்ட உங்கள் உடன்படிக்கையைத் தெரிந்தவர் உதவியோடு படித்துப் பார்த்தேன். சரக்கு, சேவை, முதலீடு, போட்டி, அறிவுசார் உரிமை, டிஜிட்டல் வணிகம், பெண்களும் இளைஞர்களும் என்று ஒவ்வொன்றுக்கும் நெறிமுறை இருக்கிறது. 2023இல் ஏற்கப்பட்ட முதலீட்டு நெறிமுறையில் சுற்றுச்சூழலைப் பற்றி நல்ல வாசகங்கள் உண்டு. ஆனால் தோல் ஓடப்போவது சரக்கு நெறிமுறையின் வழியாக. அங்கே 26ஆம் பிரிவு என்ன சொல்கிறது? மனிதர், விலங்கு, செடிகொடிகளின் உயிரைக் காக்க ஒரு நாடு விதிவிலக்கு எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. எடுத்துக்கொள்ள விரும்பும் நாட்டுக்கு அது கேடயம். விரும்பாத நாட்டை அது எதுவும் செய்யச் சொல்லவில்லை.

எல்லைகளில் வரி நீங்கியதும் என்ன ஆகும்? நைஜீரியாவின் கானோ நகரத்து ஆட்டுத் தோலும் நைரோபியின் மாட்டுத் தோலும் மோஜோவின் செம்மறித் தோலும் எங்கே கழிவைக் கொட்டச் செலவு குறைவோ அங்கே பயணம் போகும். ஒரு ஆற்றின் கரையில் கண்டிப்பான அதிகாரி இருந்தால் லாரி அடுத்த ஆற்றுக்குத் திரும்பும். இது என் கற்பனை அல்ல. எங்கள் மாநிலத்தில் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறக் கூடாது என்று விதி வந்தது. மற்ற மாநிலங்களில் அதே கடுமை இல்லை. ஒழுங்காகச் செலவு செய்த எங்கள் ஆலைக்காரர்கள் பக்கத்து மாநிலத்தின் விலையோடு மோத முடியாமல் தவித்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி என்றால் 54 நாடுகள் கையெழுத்திட்ட சந்தையில் நேர்மையான ஆலைக்காரர் என்ன ஆவார்?

ஆகவே என் கோரிக்கை இது. வரி விலக்கோடு உள்ளே வரும் தோலுக்கு, அது எந்த நாட்டில் பதனிடப்பட்டது என்று சான்று கேட்கிறீர்கள் அல்லவா? அதே தாளில் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தோடு இணைந்த ஆலை என்றும் கேளுங்கள். உப்புக்கும் குரோமியத்துக்கும் கண்டம் முழுமைக்கும் ஒரே உச்சவரம்பு வையுங்கள், அதை எந்த நாடும் தளர்த்த முடியாதபடி. கச்சாத் தோல் மீதான ஏற்றுமதி வரியில் வரும் பணம் பொதுக் கஜானாவில் கரைந்துபோகாமல் குழாய்க்கும் தொட்டிக்கும் அதற்கான மின்சாரத்துக்கும் மட்டும் போகும்படி சட்டத்திலேயே கட்டிவிடுங்கள். சவ்வு வடிகட்டிக்கும் ஆவியாக்கிக்கும் காற்றூதிக்கும் இறக்குமதி வரியை எடுத்துவிடுங்கள். வெட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே தோலைக் குளிரூட்டி இரண்டு நாளில் ஆலைக்குக் கொண்டுவர முடிந்தால் பாதி உப்பே தேவைப்படாது. சாலையும் குளிர் அறையும் வணிகக் கொள்கைதான் என்று நம்புங்கள். ஆலைகளிடம் மாதம்தோறும் ஏற்றுமதிக் கணக்குக் கேட்கும் அதே படிவத்தில் காற்றூதி எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு கட்டம் சேருங்கள்.

சின்னக் கோரிக்கை போலத் தெரியும். அந்தக் கட்டம் இருந்திருந்தால் மோஜோவில் என் மேலாளர் டீசலுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்.

எத்தியோப்பிய அதிகாரிகள் பலர் தோல் நுட்பம் பார்க்கச் சென்னைக்கு வருகிறார்கள். எங்கள் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் உங்கள் தோல் நிறுவனத்துக்கும் நெடுநாள் உறவு உண்டு. அடுத்த முறை வரும்போது ஆய்வுக்கூடத்தோடு திரும்பிவிடாமல் ரயிலேறி வாணியம்பாடிக்கும் வாருங்கள். சென்னையிலிருந்து மூன்று மணி நேரப் பயணம். மே மாதம் வந்தால் பாலாற்று மணலில் நடந்தே எங்கள் நிலத்துக்குப் போகலாம். குழந்தைகள் விழுந்துவிடக் கூடாது என்று அப்பாவின் கிணற்றின் மேல் இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது. என்றைக்கு வந்தாலும் திறந்து ஒரு வாளி இறைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
மோஜோவில் மூன்றாண்டுகள் உங்கள் உப்பைத் தின்ற
வாணியம்பாடித் தோல் தொழிலாளி